கேம்பர் வேனின் இரண்டாவது பேட்டரி: கடலூர், புதுச்சேரிப் பக்கம் எதை வாங்குவது, எப்படிச் சார்ஜ் ஏற்றுவது?

புதுச்சேரியிலும் கடலூரிலும் படுக்கை வசதியோடு வேன் வைத்திருப்பவர்களின் இரண்டாவது பேட்டரி, அதாவது உள்ளே விசிறிக்கும் விளக்குக்கும் என்று தனியாக வைக்கும் பேட்டரி, பெரும்பாலும் பயணத்தில் சாவதில்லை. வீட்டு வாசலிலோ தகரக் கொட்டகையிலோ வண்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கும்போதுதான் சாகிறது. கோடை விடுமுறை, பொங்கல், தொடர் விடுமுறை என்று வண்டி ஓடும் நாட்கள் ஆண்டில் கொஞ்சம். நிற்கும் நாட்களே மிகுதி. எந்தப் பேட்டரி நல்லது என்று கேட்பவர்களிடம் அதனால்தான் நான் முதலில் வேறொன்றைக் கேட்கிறேன். வண்டி எங்கே நிற்கிறது, வெயிலிலா நிழலிலா, பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்தே விசிறியையும் விளக்கையும் ஓட்டிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அந்தப் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்குப் பெரிய மின்னோட்டத்தைத் தந்துவிட்டு உடனே நிரப்பப்படுவதற்காகச் செய்யப்பட்டவை. இரவு முழுக்கச் சிறிது சிறிதாக இறக்கினால் சில மாதங்களில் தளர்ந்துவிடும். காலையில் வண்டியும் கிளம்பாது.

தேவையைக் கணக்குப் பார்த்துவிடுவோம். 12 வோல்ட்டில் ஓடும், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி விசிறி ஒன்று ஏறத்தாழ 25 வாட் இழுக்கும். இரண்டு விசிறிகள் பத்து மணி நேரம் ஓடினால் 500 வாட் மணி. எல்இடி விளக்குகளுக்கு 100, கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் 150. நாற்பது லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாளுக்கு 500 முதல் 600 வரை போகும். கூட்டினால் சுமார் 1,300 வாட் மணி, அதாவது 12 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 100 ஆம்பியர் மணி. கடையில் 100 ஏஎச் என்பது இதைத்தான். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் அறுபது ஏஎச் போதும். இரவு முழுக்க ஏசி ஓட்டும் ஆசை இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதற்கு நான்கைந்து யூனிட் மின்சாரம் வேண்டும். 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒன்றைத் துடைத்து எடுத்தாலும் ஒன்றேகால் யூனிட்தான் கிடைக்கும்.

இனி பேட்டரிகளுக்கு வருவோம். நம் சந்தையில் மூன்று வகைகள் கிடைக்கின்றன: தண்ணீர் ஊற்றும் டியூப்ளர், மூடி முத்திரையிட்ட ஏஜிஎம், லித்தியம் இரும்பு பாஸ்பேட்.

டியூப்ளர் நமக்குப் பழகியது. வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே நிற்கும் அந்த உயரமான பேட்டரிதான். 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய அமில வேதியியலே இன்றும் அதற்குள் நடக்கிறது. நேர்த் தகட்டின் ஈயப் பொருளைக் குழாய் உறைகளில் அடைத்திருப்பதால், இறக்கி ஏற்றுவதைச் சாதாரண கார் பேட்டரியைவிட நன்றாகத் தாங்கும். எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும், விலை குறைவு, செத்த பிறகும் எடைக்கு விலை உண்டு. எனக்கு அதில் மிகவும் பிடித்த குணம் வேறு. அது தன் நிலையை மறைப்பதில்லை. ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். முழுச் சார்ஜில் 1.240 முதல் 1.265 வரை இருக்கும். தயாரிப்பாளர் எந்த எண்ணைக் கொடுத்திருக்கிறாரோ அதுவே அளவு. அந்த எண் 27 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. அமிலம் அதைவிடப் பத்து டிகிரி சூடாக இருந்தால் காட்டும் எண்ணோடு 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். மே மாத மதியத்தில் இதைக் கூட்டாமல் பார்த்துவிட்டுப் பேட்டரி சரியில்லை என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். செல்லுக்குச் செல் 0.030க்கு மேல் வேறுபாடு வந்தால் எல்லாச் செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் சமன்படுத்தும் சார்ஜ் கொடுக்க வேண்டிய நேரம். அதற்குப் பிறகும் ஒரே ஒரு செல் 0.050 பின்தங்கி நின்றால் அந்தச் செல் போய்விட்டது.

தண்ணீர் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். நம் கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் இரும்பும் உண்டு. அது தகட்டுக்கு நஞ்சு. வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் நீரிலும் உப்பு முழுதாகப் போயிருக்காது. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அது செப்புக் குழாய்களின் மேலும் தூசியின் மேலும் வழிந்து வரும் நீர். ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரின் விலைக்காகப் பேட்டரியைப் பணயம் வைக்க வேண்டாம். தகடுகள் வெளியே தெரிந்தால் உடனே அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். மற்றபடி சார்ஜ் முழுதாக ஏறிய பிறகே குறிவரை நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வெளியே வழியும்.

டியூப்ளரின் குறைகளும் சிறியவை அல்ல. 150 ஏஎச் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். ஆயுள் நீடிக்க வேண்டுமானால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆக 150 என்று வாங்கினாலும் கையில் கிடைப்பது 75தான். சார்ஜ் முடியும் தறுவாயில் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் நான்கு விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. குழந்தைகள் தூங்கும் இருக்கைக்கு அடியில், வெளிக்காற்றுக்கு வழியில்லாமல் டியூப்ளர் வைத்த வேனில் நான் யாரையும் படுக்க விடமாட்டேன். வண்டியின் அடிச்சட்டத்தில் வெளிப்புறப் பெட்டி அமைத்து, பட்டையால் இறுக்கி, மேற்புறம் காற்று வழி விட்டுப் பொருத்த இடம் இருந்தால் மட்டுமே அதை நினைத்துப் பார்க்கலாம்.

அந்த வாயுத் தொல்லைக்கு மாற்றாக விற்கப்படுவது ஏஜிஎம். கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை ஊறவைத்து மூடியது. சிந்தாது, குலுக்கலைத் தாங்கும், வழக்கமான சார்ஜில் வாயுவும் வெளியே வராது. ஐரோப்பிய வேன்களில் இது நெடுங்காலம் வழக்கத்தில் இருந்ததற்குக் காரணம் உண்டு, அங்கே குளிர். ஈய பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரியில் கணக்கிடப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். கத்திரி வெயிலில் மூடி நிற்கும் வேனுக்குள் 45 டிகிரி என்பது எளிதாக எட்டும் அளவு. டியூப்ளரில் வற்றிய நீரைத் திரும்ப ஊற்றலாம். ஏஜிஎம்மில் போன நீர் போனதுதான். விலையும் கூடுதல், கையில் கிடைப்பதும் பாதிதான். நம் கடற்கரைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

லித்தியம் என்றதும் கைபேசி வெடித்த செய்தியும் ஸ்கூட்டர் எரிந்த செய்தியும் நினைவுக்கு வருவது இயல்பு. வேனுக்கு வாங்க வேண்டியது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அறிவியலாளர் ஜான் குடெனஃப் வழிகாட்டலில் அக்ஷய பாதி உள்ளிட்டோர் 1997இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது அது. குடெனஃபுக்கு லித்தியம் பேட்டரிப் பணிக்காக 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்பேட் அமைப்பு ஆக்சிஜனை இறுகப் பிடித்துவைத்திருப்பதால், கைபேசியில் இருக்கும் கோபால்ட் வகையைப் போல எளிதில் தீப்பற்றி அடங்காமல் எரிவதில்லை. ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே தகுந்த பியூஸ் போட வேண்டும்.

நூறு ஏஎச் லித்தியம் பேட்டரி 11 முதல் 13 கிலோதான். அதில் 80, 90 ஏஎச் வரை தயக்கமின்றி எடுக்கலாம். அதாவது பதின்மூன்று கிலோ, ஐம்பது கிலோ டியூப்ளரைவிடக் கொஞ்சம் கூடவே தருகிறது. விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு, சில நேரம் அதற்கும் மேல். ஆனால் ஆழமாக இறக்கி ஏற்றுவதை டியூப்ளரைவிட இது பல மடங்கு தாங்கும். கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதும், சோலார் போன்ற சிறு ஊற்றை நம்பியிருக்கும் வண்டிக்குப் பெரிய லாபம். ஈய பேட்டரி இருபது விழுக்காடோ அதற்கு மேலோ வெப்பமாக வீணாக்கிவிடும்.

குறையும் உண்டு. செல்களைக் காக்கும் பிஎம்எஸ் பலகை பழுதானால் தெருமுனைப் பேட்டரிக் கடையில் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. வோல்ட் மீட்டரை வைத்து மீதிச் சார்ஜை அறியவும் முடியாது. முப்பது விழுக்காட்டிலிருந்து தொண்ணூறு வரை அது 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும், ஷண்ட் வைத்த மீட்டர் தனியாக வாங்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதைப் புதுச்சேரியில் கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் நம் வேன்கள் ஜனவரியில் ஊட்டிக்குப் போகின்றன. அங்கே பள்ளத்தாக்குகளில் விடியற்காலை புல்லில் உறைபனி படியும். வேனுக்குள் இருக்கும் பேட்டரி அவ்வளவு எளிதில் உறைநிலைக்கு இறங்காது என்றாலும், குளிரில் தானே சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சார்ஜ் ஏற்றும் வழிகள்

ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து எடுப்பது முதல் வழி. பட்டறைகளில் டைனமோ என்றே சொல்வார்கள். இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவே ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சை வைத்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் இணைப்பது பழைய முறை. செலவு மிகக் குறைவு. பழைய டீசல் வண்டியும் ஈய பேட்டரியும் என்றால் இன்றும் இது பழுதில்லை. புதிய வண்டிகள் சிலவற்றில், முன் பேட்டரி நிரம்பியதும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜை வண்டியின் கணினி 13க்குக் கீழே இறக்கிவிடுகிறது. அப்போது ரிலே கழன்றுகொள்ளும்; நீங்கள் சிதம்பரம் வரை ஓட்டினாலும் பின் பேட்டரிக்கு ஒன்றும் போயிருக்காது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை அறியச் சிறு சோதனை போதும். இருபது நிமிடம் ஓட்டிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போதே முன் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வரை நிலையாக நின்றால் பழைய முறை. 13க்குக் கீழே வந்தால், வருகிற வோல்ட்டேஜைப் பின் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி–டிசி சார்ஜர் இல்லாமல் ஆகாது.

லித்தியம் வைத்தால் எந்த வண்டியானாலும் டிசி–டிசி சார்ஜர் வேண்டும். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் அளவெல்லாம் இழுத்து அதைச் சூடேற்றிவிடும். நிரம்பியதும் பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தால் எழும் வோல்ட்டேஜ் துள்ளலில் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகக்கூடும். டிசி–டிசி சார்ஜர் நடுவில் நின்று முப்பது ஆம்பியர் என்றால் முப்பது மட்டுமே எடுக்கும்.

இந்த இடத்தில்தான் கம்பியின் தடிமன் வருகிறது; பலர் சிக்கனம் பார்ப்பதும் இங்கேதான். முன்னாலிருந்து பின்னால் ஐந்து மீட்டர், போய்வரப் பத்து மீட்டர். ஆறு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் முப்பது ஆம்பியர் போனால் 0.86 வோல்ட் வழியிலேயே தொலையும். ரிலே முறையில் இது பெரிய இழப்பு, 14.2 வோல்ட் புறப்பட்டால் 13.3தான் போய்ச் சேரும். அதனால் சார்ஜ் மெதுவாகவே ஏறும், குறுகிய பயணத்தில் ஈய பேட்டரி நிரம்பாது. பதினாறு சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.32 வோல்ட்டாகக் குறையும். கம்பியின் இரு முனைகளிலும், பேட்டரிகளை ஒட்டி, பியூஸ் கட்டாயம்.

ஆனால் நம் பயணங்களின் தூரத்தைப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் சுமார் 25 கிலோமீட்டர். வீராம்பட்டினத்தில் ஓர் இரவு, தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஓர் இரவு, அடுத்த நாள் பிச்சாவரம் என்று போனால் ஒரு நாளில் இன்ஜின் ஓடுவது சராசரியாக ஒரு மணி நேரம்தான். முப்பது ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடினால் முப்பது ஏஎச். நூறு செலவழிக்கிற வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு. ஈய பேட்டரியில் இன்னொரு இடர் உண்டு. கடைசி இருபது விழுக்காட்டை அது மிக மெதுவாகவே வாங்கும். நான்கைந்து மணி நேரம் 14.4 வோல்ட்டில் பிடித்துவைத்தால்தான் நிரம்பும். சென்னை போய்வந்தால்கூட முழுதாக நிரம்பியிருக்காது. ஆல்டர்னேட்டரை மட்டும் நம்பும் டியூப்ளர் எப்போதும் முக்கால் வயிற்றோடு இருந்து, தகடுகளில் சல்பேட் படிந்து, கொள்ளளவு சுருங்கிப் போகும்.

அதனால் கூரையில் சோலார் பலகை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் 12 டிகிரி வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. ஐரோப்பியர்கள் பலகையைச் சாய்த்து நிறுத்தப் படும் பாடு நமக்கு இல்லை. கூரையில் படுக்கையாகப் பொருத்தினாலே போதும். மழைநீர் வழியச் சிறு சரிவு இருந்தால் நல்லது. 200 வாட் பலகை தெளிந்த நாளில் 700 வாட் மணி அளவுக்குத் தரும் என்று திட்டமிடலாம். வெயில் ஏறினால் மின்சாரமும் ஏறும் என்று எண்ண வேண்டாம். பலகை 65 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ பதினைந்து விழுக்காடு குறைவாகவே தரும். தகரத்தோடு ஒட்டாமல் காற்று போக இடைவெளி விட்டுப் பொருத்துவது அதனால்தான். கடற்கரையில் உப்புப் படலமும் காக்கை எச்சமும் சேரும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கும் கன்ட்ரோலர், பலகை தரக்கூடிய முழு மின்சாரத்தையும் எடுக்கும் எம்பிபிடி வகையாக இருக்கட்டும். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பலகை. கழற்றும்போது முதலில் பலகை.

வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கணக்கு உடையும். நவம்பரில் நாலு நாள் தொடர்ந்து வானம் மூடியிருந்தால் 200 வாட் பலகை விளக்குக்கும் கைபேசிக்கும் மட்டுமே தேறும். அப்போது கைகொடுப்பது வீட்டு மின்சாரம். முப்பது ஆம்பியர் சார்ஜர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ இரண்டு ஆம்பியர்தான் இழுக்கும். சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக்கே போதும், தங்கும் விடுதியிலும் கேட்டுப் பெறலாம். எர்த் இருக்கிறதா என்று மட்டும் சோதனை விளக்கால் பார்த்துவிட்டு மாட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டரையே தூக்கி வேனில் வைத்துச் சார்ஜராகப் பயன்படுத்துவதை நான் விரும்புவதில்லை. லித்தியத்துக்கு உரிய வோல்ட்டேஜ் அமைப்பு அதில் பெரும்பாலும் இருக்காது. வெப்பத்துக்கு ஏற்பச் சார்ஜைக் குறைக்கும் உணரியும் இருக்காது. ஈய பேட்டரிக்கு 25 டிகிரியில் 14.4 வோல்ட் சரி என்றால், 40 டிகிரியில் 14.04 போதும். அந்தக் குறைப்பு இல்லாத சார்ஜர் கோடை முழுவதும் பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கும்.

வண்டி நிற்கும் நாட்கள்

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஈயம், லித்தியம் என்ற இரு வகைப் பேட்டரிகளும் இங்கே நேர் எதிரானவற்றைக் கேட்கின்றன.

ஈய பேட்டரி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். ஓய்வில் 12.7 வோல்ட் காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் விட்டால் சல்பேட் இறுகிப் படிகமாகும். அது சும்மாவும் இறங்கும். சூட்டில் இன்னும் வேகமாக இறங்கும். போதாக்குறைக்கு ஜிபிஎஸ் கருவி, பாட்டுப்பெட்டியின் நினைவகம், கேஸ் கசிவு எச்சரிக்கை என்று 50 மில்லி ஆம்பியர் ஓயாமல் கசிந்தால் நாளுக்கு 1.2 ஏஎச், மாதத்துக்கு 36 ஏஎச் போய்விடும். எனவே நிற்கும் காலமெல்லாம் அதற்குச் சோலாரோ, நிரம்பிய பேட்டரியை இறங்கவிடாமல் பிடித்துவைக்கும் மிதவைச் சார்ஜோ வேண்டும். சோலார் வேண்டுமென்றால் வண்டி வெயிலில் நிற்க வேண்டும். வெயிலில் நின்றால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். பிளக் பாயின்ட் உள்ள கொட்டகை இல்லாதவருக்கு இந்த முடிச்சு அவிழாது.

லித்தியத்துக்கு இந்த முடிச்சே இல்லை. ஐம்பது அறுபது விழுக்காட்டில் நிறுத்தி, கட்–ஆஃப் சுவிட்சைத் திருப்பிவிட்டு, மர நிழலில் விட்டுவிட்டால் இரண்டு மூன்று மாதங்கள் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். மாதத்துக்கு இரண்டு மூன்று விழுக்காடுதான் தானாக இறங்கும். அதற்கு ஆகாதது ஒன்றே: முழுதாக நிரப்பி, கோடைச் சூட்டில் மாதக்கணக்கில் வைத்திருப்பது. கூரையில் பலகையும் இருந்து வண்டி வெயிலிலும் நின்றால் தினமும் அது நடந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பலகையின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். அல்லது மிதவை வோல்ட்டேஜை 13.3 அளவுக்கு இறக்கி வையுங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் 14.2 அல்லது 14.4 வரை முழுதாக ஏற்றுங்கள். அப்போதுதான் பிஎம்எஸ் நான்கு செல்களையும் சமன்செய்யும்; பேட்டரியை அடிக்கடி பயன்படுத்தும் காலத்தில் மாதம் ஒருமுறை இப்படி ஏற்றினால் போதும். சூடு ஓர் அளவைத் தாண்டினால் பெரும்பாலான பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். மே மாதம் வெயிலில் நின்ற வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பியும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பதறாமல் கண்ணாடிகளைத் திறந்துவிட்டுப் பொறுங்கள்.

நம் வண்டிகள் பெரும்பாலும் நிற்பவை, நிழல் கிடைக்கும் இடத்தில் நிற்பவை, பிளக் இல்லாதவை. என் தராசு லித்தியத்தின் பக்கம் சாய்வதற்கு எடையையும் சுழற்சிகளையும்விட இதுவே பெரிய காரணம்.

உப்பும் வெள்ளமும்

கடற்காற்று மூன்று வகைப் பேட்டரிகளையும் ஒன்றுபோலவே தாக்கும். டெர்மினலில் பச்சை பூத்தால் அங்கே தடை கூடும், சூடேறும், மீட்டர் பொய் சொல்லும். வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, உலர்த்தி, கிளாம்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள்; இறுக்குவதற்கு முன் உள்ளே பூச வேண்டாம். டியூப்ளரானால் அந்தச் சோடா நீர் செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி வாங்கும்போது ஈயம் பூசிய செப்புக் கம்பி கேளுங்கள். வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துப் போகும். உப்புக் காற்றோடு மின்சாரத்தை நடத்துவது எப்படி என்று கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்பவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நகரத்துக் கார் எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாது. முடிந்தால் அவர்களைக் கொண்டு செய்யுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின், மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அப்படிப்பட்ட நாட்களில் வேனின் பேட்டரி ஒரு வீட்டுக்கு விளக்கும் விசிறியும் கைபேசிச் சார்ஜும் தரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்ததும் லித்தியத்தை நூறு விழுக்காட்டுக்கு ஏற்றிவைப்பதில் தவறில்லை. அதே வேளையில் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் மறக்க வேண்டாம். தெருவில் நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடிச்சட்டத்து டியூப்ளர் பெட்டிக்கு இது நேரடி ஆபத்து. உள்ளே வைத்த லித்தியமும் தரையோடு ஒட்டி இருக்கக் கூடாது. ஒரு முழ உயரத்தில் மரப்பலகை அடித்து அதன்மேல் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோவைக் கழற்றி மாடிக்குத் தூக்கிச் செல்ல ஒருவர் போதும் என்பதும் சிறிய வசதி அன்று.

யாருக்கு எது

மாதம் ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ வண்டி எடுக்கும் குடும்பத்துக்கு 100 ஏஎச் லித்தியம் ஒன்று, முப்பது ஆம்பியர் டிசி–டிசி சார்ஜர், 200 வாட் பலகை. பணம் ஒரே தவணையில் இல்லை என்றால் பேட்டரியையும் டிசி–டிசி சார்ஜரையும் முதலில் வாங்குங்கள். பலகை அடுத்த ஆண்டு வரட்டும். வேனை நிழலில் விடுகிறவருக்கு அது அவசரமில்லை. ஃபிரிட்ஜோடு ஓரிடத்திலேயே மூன்று நான்கு நாட்கள் தங்குபவர்கள் 200 ஏஎச்சும் 400 வாட்டும் வரை போகலாம். கூரையில் இடம் இருக்கிறதா என்று பேட்டரி வாங்குவதற்கு முன்பே அளந்துபாருங்கள்.

வாரம் தவறாமல் நீண்ட தூரம் ஓடும் பழைய டீசல் வேன், வெளிப்புறப் பெட்டிக்கு இடம், மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கும் பொறுமை, வீட்டில் பிளக் உள்ள கொட்டகை, இவை எல்லாம் ஒருசேர இருப்பவர் டியூப்ளரையே வாங்கலாம். அவருக்கு நான் லித்தியத்தை வற்புறுத்தமாட்டேன். மிச்சமாகும் பணத்தில் வெப்ப உணரி உள்ள நல்ல சார்ஜர் ஒன்றை அவர் வாங்கிக்கொள்வது மேல். வாங்கும்போது பேட்டரியின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடையிலேயே ஆறு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த ஈய பேட்டரி பாதி கிழமாகித்தான் வரும். லித்தியத்தில் பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர், குளிரிலும் சூட்டிலும் சார்ஜை நிறுத்துமா, பழுதானால் எந்த ஊரில் பார்ப்பார்கள் என்ற மூன்றையும் பில்லிலோ உத்தரவாத அட்டையிலோ எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏஜிஎம்மோ டியூப்ளரோ வேனில் இருக்கிறது, அது இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். கட்–ஆஃப் சுவிட்ச் ஒன்று வையுங்கள், கம்பியைத் தடிமனாக்குங்கள், நிற்கும் இடத்துக்கு ஒரு மிதவைச் சார்ஜர் கொண்டுவாருங்கள். அது தன் ஆயுளை முடிக்கட்டும். அதன் பிறகு லித்தியத்துக்கு மாறும்போது சார்ஜர், சோலார் கன்ட்ரோலர் இரண்டிலும் அமைப்புகளை மாற்றியாக வேண்டும். இரண்டு வகைகளையும் ஒரே இணைப்பில் கோத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழையதை எடைக்கு விற்கும்போதும் அமிலத்தைச் சாக்கடையில் கொட்டும் ஆளிடம் கொடுக்காமல், புதிய பேட்டரி விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது வைத்திருக்கின்றன.